மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே வெளிச்சத்தையும் பாருங்க!

கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கக் கிளம்பும் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஹாலில் எத்தனை பேர் உட்காரலாம், ஒரு பந்திக்கு எத்தனை இலை போடலாம், ஏசி இருக்கிறதா, ஜெனரேட்டர் இருக்கிறதா, கார் நிறுத்த இடம் உண்டா, கரன்ட் பில் வாடகையிலேயே சேர்த்தியா, தனியா? கூட வந்திருக்கும் பெரியப்பா மட்டும் குழாயைத் திறந்து பார்த்து, 'தண்ணி உப்பா இருக்கே' என்பார்.

எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால், ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் விட்டுப்போகும். 'முகூர்த்த நேரத்தில் மணவறையில் உட்காரும் பொண்ணு, மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் எங்கிருந்து விழும்?'

ஆல்பம் கைக்கு வரும்போதுதான் அந்தக் கேள்வியின் அருமை புரியும். பெண்ணின் முகம் ஒரு பக்கம் ஊதா, மறு பக்கம் ரோஸ். மாப்பிள்ளையின் நெற்றியில் ஒரு வெள்ளை வட்டம். பின்னால் நின்ற பாட்டி பாதி இருட்டில். கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை, படத்தில் கத்திரிப்பூ நிறம். 'கேமராமேன் சரியில்லை' என்று வீட்டில் பேச்சு எழும். அவரிடம் கேட்டால், 'மண்டபத்துல லைட்டிங் அப்படிங்க' என்பார். பல நேரங்களில் அவர் சொல்வது உண்மை.

கல்யாணப் படத்தில் பாதி வேலையைக் கட்டடமே செய்துவிடுகிறது. ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது, கூரை எவ்வளவு உயரம், சுவர் என்ன நிறம், தரை பளபளப்பானதா, மணவறைக்குப் பின்னால் இருப்பது சுவரா, ஜன்னலா... கேமரா பையைத் திறக்கும் முன்பே இவையெல்லாம் முடிவாகிவிட்டிருக்கும். இதைப் புரிந்துகொள்ள நம் ஊரிலேயே ஒரு நல்ல பாடம் இருக்கிறது. அது செட்டிநாட்டு வீடு.

வளவில் விழும் வெளிச்சம்

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை, ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக்கிடக்கும் ஊர்களில் நகரத்தார் கட்டிய வீடுகள் இவை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை, பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து வணிகம் செய்த பணத்தில் எழுந்தவை. 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றன.

குடியிருப்பதற்கு மட்டுமல்லாமல், கல்யாணம், அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களை வீட்டிலேயே நடத்துவதற்கும் ஏற்ற மாதிரி கட்டப்பட்டவை இவை. இன்றைக்கும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகள், பூட்டிக்கிடக்கும் பூர்வீக வீட்டைக் கல்யாணத்துக்காகத் திறந்து, கூட்டிக் கழுவி, விளக்கேற்றுவது உண்டு. சில வீடுகள் தங்கும் விடுதிகளாகவும் மாறியிருக்கின்றன.

தெருவாசலில் நின்றால் பின்வாசல் வரை பார்வை நேராகப் போகும். முகப்பு, திண்ணை, செதுக்கு வேலை நிறைந்த நிலைக்கதவு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று வீடு நீளும். ஒவ்வொரு வாசலும் ஒரு சட்டம். முற்றத்தில் வெளிச்சம், அடுத்த நிலையில் நிழல், அதற்கடுத்த முற்றத்தில் மறுபடி வெளிச்சம். இந்தக் கோட்டில் பெண் நடந்து வந்தால், படமெடுப்பவர் எந்த அலங்காரத்தையும் தேட வேண்டாம். சட்டத்துக்குள் சட்டமாக வீடே படம் போட்டுக் கொடுத்துவிடும்.

இந்த வீட்டின் உயிர் வளவு. நடுவில் வானம் தெரியும் முற்றம். அதைச் சுற்றி நாலு பக்கமும் தூண் வைத்த தாழ்வாரம். வெயில் நேராக விழுவது முற்றத்தின் ஒரு பகுதியில் மட்டும்தான். தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பவர் மேல் விழுவது வெயில் அல்ல, வெளிச்சம். இந்த வித்தியாசம்தான் விஷயமே.

வெளிச்சம் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருகிறதோ, நிழல் அவ்வளவு மென்மையாக இருக்கும் என்பது புகைப்படக்கலையின் அடிப்படைப் பாடம். சூரியன் பிரமாண்டமானதுதான். ஆனால், 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் நம் கண்ணுக்கு அது ஒரு சின்ன வட்டம். அதனால்தான் வெயிலில் நிற்பவரின் மூக்கின் நிழல் உதட்டின் மேல் கத்தி போல விழுகிறது. முற்றத்துக்கு மேலே தெரியும் வானமோ ஒரு பெரிய வெளிச்சப் பரப்பு. அது முகத்தை எல்லாப் பக்கமும் தடவியது போல் சுற்றி வரும். கன்னத்திலிருந்து கழுத்துக்கு வெளிச்சம் மெல்லக் குறையும். கண்ணுக்குள் ஒரு சின்ன ஒளிப்புள்ளி விழும். படத்தில் முகம் உயிரோடு இருப்பதாகத் தோன்றுவது அந்தப் புள்ளியால்தான்.

அடுத்தது சுவர். சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டையின் வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய செட்டிநாட்டுப் பூச்சு. பளிங்கு போல வழவழப்பு, பால் போல வெளுப்பு. ஒரு பக்கத்திலிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கி, முகத்தின் மறு பக்கத்துக்கு அது திருப்பித் தரும். ஸ்டூடியோவில் உதவியாளர் ஒருவர் வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு நிற்பாரே, அந்த வேலையை இந்தச் சுவர் சம்பளம் இல்லாமல் செய்கிறது.

பிறகு தரை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்துப் பதப்படுத்துவது ஆத்தங்குடிக் கல். கண்ணாடியில் படிந்த பக்கம் மேலே வருவதால் அது இயல்பாகவே மின்னும். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே குழி விழுந்தது போல ஒரு நிழல் தட்டும். தரையிலிருந்து எழும் வெளிச்சம் அந்த நிழலைக் குறைக்கும். முந்தைய ராத்திரி சரியாகத் தூங்காத கல்யாணப் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆத்தங்குடித் தரை வண்ணமயமானது என்பதால் ஒரு சங்கடமும் உண்டு. சிவப்புத் தரையிலிருந்து எழும் வெளிச்சத்தில் சிவப்புச் சாயல் ஒட்டிக்கொண்டு வரும். பச்சைக்குப் பச்சை. முகத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறதோ, அந்த நிறம் முகத்தில் கொஞ்சம் ஏறும். நல்ல படக்காரர் இதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கே நிற்க வைப்பது என்று முடிவு செய்வார்.

கிழக்கு பார்த்து உட்காருவது...

நம் கல்யாணங்களில் பெரும்பாலும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் கிழக்கு பார்த்து உட்கார வைப்பார்கள். முகூர்த்தமும் பெரும்பாலும் காலையில். கொஞ்சம் யோசித்தால், காலை வெளிச்சம் வரும் திசையைப் பார்த்துத்தான் அவர்கள் உட்காருகிறார்கள்.

முற்றமுள்ள வீட்டில் மேற்குப் பக்கத் தாழ்வாரத்தில் மணவறை வைத்தால், கிழக்கு பார்த்து உட்காருபவர்களுக்கு நேர் எதிரே திறந்த முற்றம். முன்னாலிருந்து வெளிச்சம், பின்னால் சுவரின் நிழல், தலைக்கு மேல் கூரை. சாஸ்திரமும் கேமராவும் ஒரே திசையைக் காட்டும் இடம் இது. அதே மணவறையைக் கிழக்குப் பக்கத் தாழ்வாரத்தில், முற்றத்துக்கு முதுகு காட்டி வைத்தால் கதை மாறிவிடும். பின்னால் பளீரென்று முற்றம், முன்னால் கறுத்துப்போன முகங்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே சில அடி தூரம்தான்.

முற்றத்தில் இன்னொரு அழகும் உண்டு. ஹோமப் புகை. சரிந்து விழும் வெயில் அந்தப் புகையில் பட்டால், கதிர் கதிராகக் கண்ணுக்குத் தெரியும். வெயில் பின்பக்கத்திலிருந்தோ, பக்கவாட்டிலிருந்தோ வந்து, அதற்குப் பின்னணி இருட்டாக இருந்தால் இந்தக் காட்சி படத்திலும் கிடைக்கும். அதே புகையை நோக்கி முன்னாலிருந்து பிளாஷ் அடித்தால், புகை மொத்தமும் வெள்ளைத் திரையாக மாறி மணமக்களை மறைத்துவிடும்.

மாதத்துக்கு மாதம் மாறும் சூரியன்

மண்டபத்தை ஆவணியில் போய்ப் பார்த்துவிட்டு தை மாதம் கல்யாணம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூரியன் இரண்டு மாதத்திலும் ஒரே இடத்தில் இருக்காது.

பங்குனிக் கடைசி, சித்திரைத் தொடக்கத்தில் ஒருமுறையும், ஆவணியில் ஒருமுறையும் தமிழ்நாட்டில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அந்த நாட்களில் உச்சிவேளையில் திறந்த வெளியில் நின்றால் கண் இருக்கும் இடமே நிழலில் மூழ்கிவிடும். ஆனி மாதத்தில் நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். தை மாதத்தில் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். அதனால் தை மாத நடுப்பகலில் முற்றத்து வெயில் வடக்குப் பக்கத் தாழ்வாரத்தை நோக்கி நீளும். தெற்குத் தாழ்வாரம் நிழலாக இருக்கும்.

நேரக் கணக்கும் முக்கியம். தை மாதத்தில் சூரியன் உதிக்கவே ஆறரை மணி வாக்கில் ஆகிவிடும். வைகாசியில் ஆறு மணிக்குள் உதித்துவிடும். நாலரைக்கும் ஆறுக்கும் இடையே முகூர்த்தம் குறித்திருந்தால், இயற்கை வெளிச்சத்தை நம்ப முடியாது. அங்கே நல்ல விளக்குதான் கைகொடுக்கும். ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் என்றால் ஜன்னலும் முற்றமும் முழு வேலை செய்யும்.

மாலை ரிசப்ஷனுக்கு முன்னால் ஜோடிப் படம் எடுக்க நினைப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் சூரியன் கிட்டத்தட்ட நேராகக் கீழே இறங்கும். ஐரோப்பியப் படங்களில் மணிக்கணக்கில் நீளும் பொன்மாலை இங்கே அரை மணி நேரம் கிடைத்தாலே பெரிது. மேக்கப் இருபது நிமிடம் தாமதமானால், அந்த வெளிச்சம் அன்றைக்கு அவ்வளவுதான்.

எந்த நிறத்துக்கு எந்த வெளிச்சம்?

'பொண்ணு போட்டோல கறுப்பாத் தெரியக் கூடாது' என்று படக்காரரிடம் தனியாக அழைத்துச் சொல்லும் உறவினர் இல்லாத கல்யாணம் அபூர்வம். விளைவு, முகத்துக்கு நேராகப் பளீர் என்று வீடியோ லைட், அதற்கு மேல் பிளாஷ், அதற்கும் மேல் கம்ப்யூட்டரில் வெளுப்பு. கடைசியில் ஆல்பத்தில் இருப்பது வெள்ளையான ஒரு பெண். ஆனால் அது அந்தப் பெண்ணாக இருக்காது. அவளுடைய மூக்கின் வளைவும் கன்னத்தின் குழியும் நேர் வெளிச்சத்தில் தட்டையாகப் போயிருக்கும்.

இதில் கேமராவின் பழைய பாவமும் கொஞ்சம் இருக்கிறது. வண்ணப் படச்சுருள் காலத்தில், நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் ஆய்வகங்களுக்குக் கொடுத்த மாதிரி அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருந்தது. 'ஷெர்லி கார்டு' என்று அதற்குப் பெயர். அந்தத் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. மாநிறமும் கறுப்பும் அந்தக் கணக்கிலேயே இல்லை. இன்றைய டிஜிட்டல் கேமராக்கள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் தானியங்கி முறையில் விட்டால், பட்டு வேட்டியின் வெள்ளையைப் பார்த்து மாப்பிள்ளையின் முகத்தை இருட்டாக்கும். இருண்ட பின்னணியைப் பார்த்தால் முகத்தை வெளிறச் செய்யும்.

கறுத்த தோலின் அழகு, அதில் ஓடும் மினுமினுப்பில் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு பெரிய ஜன்னலோ, முற்றமோ இருந்தால், நெற்றியிலும் கன்ன எலும்பிலும் அந்த மினுமினுப்பு மெல்லிய கோடாக விழும். முகத்தின் அமைப்பு அப்படியே தெரியும். தமிழ் சினிமாவில் இயற்கை வெளிச்சத்துக்குப் பெயர்போனவர் ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான பாலு மகேந்திரா. 1982இல் வந்த 'மூன்றாம் பிறை' படத்தின் ஒளிப்பதிவுக்காகத் தேசிய விருது பெற்றவர். அவருடைய நாயகிகளில் பலர் மாநிறம். அவர்களை வெள்ளையாக்காமலே திரையில் அழகாகக் காட்டினார். ஜன்னலருகே அவர் எடுத்த முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மண்டபம் பார்க்கப் போகலாம்.

நகைக்கும் புடவைக்கும் இதே விதிதான். தங்கம் தன்னைச் சுற்றி இருப்பதைக் காட்டும் கண்ணாடி மாதிரி. வெண்மையான பெரிய வெளிச்சத்தில் அது தங்கமாக ஜொலிக்கும். ரோஸ் விளக்கில் செம்பாகத் தெரியும், நீல விளக்கில் பித்தளையாகத் தெரியும். காஞ்சிப் பட்டின் ஜரிகையும் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும்.

சரி, நம்ம ஊர் மண்டபத்தில்?

எல்லோராலும் செட்டிநாட்டு வீட்டில் கல்யாணம் வைக்க முடியாது. அந்த வீடுகளுக்கும் வரம்பு உண்டு. படிக்கட்டும் உயர வாசற்படியும் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். முற்றத்தில் மழை வரும். சுவரில் ஆணி அடிக்க விட மாட்டார்கள், விடவும் கூடாது. ஆயிரம் பேருக்குப் பந்தி போட ஊர் மண்டபம்தான் சரி.

ஊர் மண்டபத்தில் இருக்கும் சிக்கல் வேறு. ஏசிக்காக ஜன்னல்கள் மூடிக்கிடக்கும். திரை போட்டு மறைத்திருக்கும். மேடைக்குப் பின்னால் எல்இடி வால், இரண்டு பக்கமும் ஊதாவும் ரோஸுமாகப் பார் லைட், மேலே மஞ்சள் சரவிளக்கு, ஓரத்தில் வெள்ளை டியூப் லைட். கண் இவ்வளவு கலவையையும் சமாளித்துவிடும். கேமராவால் முடியாது. பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5,500 கெல்வின், குண்டு பல்பு வெளிச்சம் 3,000 கெல்வினை ஒட்டி. ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றொன்று நீலமாகவோ மஞ்சளாகவோ போய்விடும். ஒரே முகத்தில் இரண்டும் விழுந்தால் எந்த எடிட்டராலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

மலிவான எல்இடி விளக்குகளில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அவை விநாடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால், செல்போனில் எடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டைகள் ஓடும். எல்இடி வாலைப் பின்னணியாக வைத்து எடுத்தால் அலை அலையாகக் கோடுகள் வருவதும் உண்டு.

இதற்கெல்லாம் செலவில்லாத சில வழிகள் உண்டு.

முதலில், டெக்கரேஷன்காரரிடம் ஒரே ஒரு வரி: 'முகூர்த்தம் முடியும் வரை கலர் லைட் வேண்டாம்.' ரிசப்ஷனில் எத்தனை வண்ணம் வேண்டுமானாலும் சுழலட்டும். மாங்கல்யதாரணத்தின் போது ஒரே நிறத்தில் விளக்கு இருந்தால் போதும்.

மேடைக்குப் பக்கவாட்டில் ஜன்னல் இருந்தால், அந்த நேரத்துக்கு மட்டும் திரையை விலக்கச் சொல்லலாம். கண்ணாடி ஜன்னல் என்றால் ஏசிக்கும் கேடில்லை. மேடைக்கு நேர் பின்னால் ஜன்னல் இருந்தால் அதை மட்டும் மூடிவிட வேண்டும்.

வீடியோ லைட்டை முகத்துக்கு நேராகப் பிடிக்காமல், வெள்ளைக் கூரை தாழ்வாக இருக்கும் மண்டபத்தில் கூரையைப் பார்த்துத் திருப்பச் சொல்லலாம். கூரை முழுக்க ஒரு பெரிய விளக்காக மாறிவிடும். கண் கூசாது, மாப்பிள்ளைக்கு வியர்க்காது. கூரை மிக உயரமாகவோ, மர நிறத்திலோ இருந்தால் இந்த உத்தி பலிக்காது.

அடுத்தது, நம் கையில் இருப்பது. கெட்டிமேளம் ஒலித்ததும் செல்போனைத் தூக்கிக்கொண்டு மேடைக்கு முன்னால் ஓடும் கூட்டம், பார்வையை மட்டுமல்ல, வெளிச்சத்தையும் மறைக்கிறது. ஜன்னல் இருக்கும் பக்கத்தை மட்டுமாவது காலியாக விட வேண்டும் என்று முன்கூட்டியே மாமா ஒருவருக்குப் பொறுப்பு கொடுத்துவிடலாம்.

மேடை எதற்கும் ஒத்துவராத மண்டபம் என்றால், முக்கியமான சில படங்களை வேறு இடத்தில் எடுக்கலாம். பெண் அலங்காரம் செய்துகொள்ளும் அறையில் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, டியூப் லைட்டை அணைத்துவிட்டால் அதுவே ஸ்டூடியோ. மாடிப்படி திரும்பும் இடத்தில் இருக்கும் ஜன்னல், வாசல் போர்டிகோவின் நிழல் எல்லாமே வேலைக்கு ஆகும். போர்டிகோவில் வெளியே பார்த்து நிற்க வேண்டும். நிழலுக்குள் நின்று வெளிச்சத்தைப் பார்ப்பது, அவ்வளவுதான் சூத்திரம்.

பந்தல், கோயில், தேவாலயம்

வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் செய்பவர்கள் துணியின் நிறத்தைக் கவனித்தால் போதும். சிவப்பும் மஞ்சளும் கலந்த சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்தால், பெண், மாப்பிள்ளை, ஐயர், பந்தியில் வைத்த சாதம் வரை எல்லாமே ஆரஞ்சு. வெள்ளை அல்லது சந்தன நிறத் துணி என்றால், வெயிலை வடிகட்டி, பந்தல் முழுவதும் ஒரே மாதிரி மென்மையான வெளிச்சத்தைத் தரும். கீற்றுப் பந்தல் குளுமைக்கு நல்லது. ஆனால், இடுக்கு வழியாக விழும் வெயில், முகத்தில் புள்ளி புள்ளியாக விழும். மணமக்கள் உட்காரும் இடத்துக்கு மேல் மட்டும் கீற்றுக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

கோயிலில் திருமணம் என்றால், படம் எடுக்க அனுமதி உண்டா, எந்த இடம் வரை என்று நிர்வாகத்திடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கல் மண்டபத்தின் உள்பகுதி இருட்டு, வெளியே கண்ணைப் பறிக்கும் வெயில். இரண்டுக்கும் நடுவே, ஓரத் தூண் வரிசையை ஒட்டிய இடம்தான் படத்துக்குச் சரியானது. பின்னால் தூண்கள் அடுக்கடுக்காக நிழலுக்குள் போகும். முகத்தில் பிராகாரத்து வெளிச்சம்.

தேவாலயங்களில் வெளிச்சம் உயரத்திலிருந்து வரும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோதிக் பாணியில் கட்டப்பட்ட சென்னை சாந்தோம் பேராலயம் போன்ற இடங்களில் உயர்ந்த கூரையும் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களும் உண்டு. அப்பாவின் கையைப் பிடித்துப் பெண் நடந்து வரும் நீண்ட நடைபாதையில் பக்கவாட்டு ஜன்னல்கள் ஒன்று மாற்றி ஒன்றாக வெளிச்சத்தை வீசும். வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெயில் வெள்ளை உடையில் நீலமாகவும் சிவப்பாகவும் விழும். அது கவுனில் விழுந்தால் அழகு, முகத்தில் விழுந்தால் தொல்லை.

அட்வான்ஸுக்கு முன்னால் பத்து நிமிடம்

மண்டபம் பார்க்கப் போகும்போது செல்போன் ஒன்று போதும். இந்த ஐந்து விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

1. முகூர்த்தம் எந்த நேரமோ, அதே நேரத்தில் போக வேண்டும். சாயங்காலம் போய்ப் பார்த்துவிட்டு, காலைக் கல்யாணத்துக்கு முடிவெடுக்கக் கூடாது. செல்போனில் இருக்கும் திசைகாட்டியில் மணவறை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

2. கூட வந்தவர்களில் ஒருவரை மணவறை இருக்கும் இடத்தில் உட்கார வைத்து, பிளாஷ் இல்லாமல் ஒரு படம். கல்யாணப் பெண்ணின் நிறத்தை ஒத்தவராக இருந்தால் இன்னும் நல்லது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணுக்குள் வெளிச்சப் புள்ளி தெரிகிறதா, கண்ணுக்குக் கீழே நிழல் இருக்கிறதா என்பது புரியும்.

3. அதே இடத்தில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை வைத்து இன்னொரு படம். கைக்குட்டை படத்தில் வெள்ளையாக இருக்கிறதா, மஞ்சளா, பச்சையா? கைக்குட்டைக்கு ஆவதுதான் முகத்துக்கும் ஆகும்.

4. மேடை விளக்குகளைப் போடச் சொல்லி, பத்து விநாடி வீடியோ. பட்டை ஓடுகிறதா என்று பார்க்கலாம். எந்த விளக்கைத் தனியாக அணைக்க முடியும் என்றும் மேனேஜரிடம் கேட்டுக்கொள்ளலாம். பல மண்டபங்களில் எல்லாம் ஒரே சுவிட்சில் இருக்கும்.

5. மொத்தக் குடும்பமும் நின்று குரூப் படம் எடுக்க நிழலான, விசாலமான ஓர் இடம் இருக்கிறதா? பாட்டி, தாத்தாவுக்கு நாற்காலி போட்டு வெயிலில் உட்கார வைத்தால், படத்தில் எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருப்பார்கள்.

எடுத்த படங்களைக் கல்யாணப் படக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், என்ன லென்ஸ், எத்தனை விளக்கு என்று அவர் தயாராக வருவார். முற்றத்து வெளிச்சம் எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்க நினைக்கும் சென்னைவாசிகள் காரைக்குடி வரை போக வேண்டியதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில், 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று இருக்கிறது. பத்து மணிக்கு ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை அதே தாழ்வாரத்தில் நின்று ஒருவரை ஒருவர் படமெடுத்துப் பார்த்தால், இவ்வளவு நேரம் படித்தது கண் முன்னால் நடக்கும்.

பழைய வீடுகளின் சுவரில் தொங்கும் கறுப்பு வெள்ளைக் கல்யாணப் படங்களையும் கவனிக்கலாம். பல படங்களில் குடும்பமே வாசலிலோ, திண்ணைக்கு முன்னாலோ, முற்றத்திலோதான் நிற்கும். அன்றைய படச்சுருளுக்கு நிறைய வெளிச்சம் தேவைப்பட்டதால், படமெடுப்பவர் எல்லோரையும் வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போனார். பெட்டி போன்ற கேமரா, இரண்டே இரண்டு படம். ஆனால், கொள்ளுத்தாத்தாவின் மீசை முறுக்கும், பக்கத்தில் தலை குனிந்து நிற்கும் பதினெட்டு வயதுக் கொள்ளுப்பாட்டியின் மூக்குத்திக் கல்லும் இன்றைக்கும் தெரிகின்றன. இந்தத் தையில் தாலி ஏறப்போகும் பேத்தியின் முகமும் அப்படித் தெரிய வேண்டுமென்றால், மண்டப மேனேஜரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன்னால் அந்தத் திரையை ஒருமுறை விலக்கிப் பார்த்துவிடுங்கள்.